மூடியின் உட்புறம்

கியோத்தோவில் ஜூன் மழை பிடித்தால் விடாது. அன்றும் விடவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கினுயே அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு விருந்தகத்துக்குள் வந்தாள். வருடத்துக்கு ஒரு நாள், அதே தேதி, ஆற்றைப் பார்த்த அதே அறை, இரண்டு தட்டு.

இரண்டாவது தட்டு அவள் கணவர் தத்சுமிக்கு. மலையேறப் போனவர் திரும்பவில்லை. இது ஏழாவது வருடம்.

அங்கே முப்பது வருடமாகப் பரிமாறி முழங்கால் தேய்ந்துபோன ஷிகெனோவுக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. மலைக்குப் போகும் முன் மனைவியோடு இங்கே சாப்பிட்டவர், சாப்பிட்டதும் சூப் கிண்ணத்தின் மூடியை உட்புறம் மேலே தெரியத் தலைகீழாகக் கிண்ணத்தின் மேல் வைத்தார். "அரக்குப் பூச்சு கீறிடும் ஐயா, வீட்டுலயும் இப்படித்தானா?" என்று ஷிகெனோ கேலி செய்ய, மனுஷன் காது சிவக்கச் சிரித்தார்.

"அக்கா, நாளைக்குக் கோர்ட்டுல மனு குடுக்கணும். ஏழு வருஷம் ஆச்சுன்னா செத்துட்டார்னு எழுதிக் குடுத்துடுவாங்களாம்." கினுயே கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா மூடியில தண்ணி இருக்கே. ஒவ்வொரு வருஷமும் இருக்கே. எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

ஷிகெனோவுக்குச் சுருக்கென்றது. வெளியூர் போனவருக்கென வைத்த கிண்ணத்தைத் திறக்கும்போது மூடிக்கு உள்ளே நீர் முத்து கோத்திருந்தால் ஆள் நலம் என்பார்கள். கொதிக்கும் சூப்பை மூடினால் எந்த மூடியிலும் நீர் கோக்கத்தான் செய்யும். அது தெரிந்தும், "பாருங்கம்மா, நல்லாத்தான் இருக்கார்" என்று வருடா வருடம் சொன்னது அவள்தான். அந்த ஒரு வார்த்தையால் இந்தப் பெண் ஆறு வருடம் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

போதும் என்று தோன்றியது.

சமையலறையில் சமையல்காரன் முராயிடம், "ஒரு கிண்ணம் ஆற வச்சுக் குடு" என்றாள்.

"ஆறின சூப்பா? என் மானம் போறதுக்கா? முழங்காலோட மூளையும் தேஞ்சு போச்சாக்கா?"

"குடுடா. நான் பாத்துக்கறேன்."

மீன் வந்தது, கத்தரிக்காய் வந்தது, பிறகு சூப். கினுயே எதிர்த் தட்டின் கிண்ணத்தைத் திறந்தாள்.

மூடி காய்ந்திருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழுதாள், சுமையை இறக்கி வைத்தவள் அழுகிற அழுகை. "போயிட்டார்க்கா. இன்னிக்குத் தூங்குவேன்" என்றாள். மூடியைச் சரியாக மூடினாள். டாக்சி வரை ஷிகெனோ குடை பிடித்தாள். தான் செய்தது பாவமா புண்ணியமா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தட்டெடுக்க அறைக்குத் திரும்பினாள்.

ஈர மண்ணின் வாடை அடித்தது. ஆற்று வாடை இல்லை. மலை மண், மக்கிய இலை.

கினுயே உட்கார்ந்திருந்த தரை மெத்தையில் சுருக்கம் இருந்தது. எதிர் மெத்தை நனைந்து, நடுவில் அமுங்கியிருந்தது.

யாரும் உட்காராத மெத்தை.

கிண்ணத்தின் மேல் மூடி இருந்தது.

தலைகீழாக.

மல்லாந்த அந்த மூடியின் குழிவில், உட்புறம் முழுக்க நீர் முத்து கோத்திருந்தது. அதை எடுத்தாள். சூப் ஒரு வாய்தான் குறைந்திருந்தது. மீதி அப்படியே இருந்தது.

காதருகே, கூச்சப்பட்ட ஒரு குரல், மெதுவாக:

"ஆறிப் போச்சு."

அவள் ஓடவில்லை. ஓட முழங்கால் விடாது. பயத்தை மீறி வெட்கமாக இருந்தது. ஏழு வருடம் குளிரில் கிடந்தவருக்குக் கிடைத்த சூடு வருடத்துக்கு ஒரு கிண்ணம்தான். அதையும் அவளே ஆற வைத்துக் கொடுத்துவிட்டாள். இனி அந்தக் கிண்ணமும் வைக்க ஆளில்லை.

சமையலறைக்கு நடந்தாள்.

"ஒரு சூப் வை, முராய். கொதிக்கக் கொதிக்க."

"யாருக்குக்கா? அந்தம்மாதான் போயாச்சே?"

"அந்தம்மா போயாச்சு," என்றாள் ஷிகெனோ. "அவர் இன்னும் போகல."