பூமாலை பாடாத வரி

உருவகம் என்ற சொல்லைக் கண்டாலே ஏட்டு லாரன்சுக்குத் தலை கிறுகிறுக்கும். திருடர்களை நடையை வைத்தே அடையாளம் சொல்லும் மனிதர், அஞ்சல்வழி பி.ஏ. தமிழில் அணியிலக்கணத் தாளை மட்டும் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதற்காகவே கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் செந்தமிழ்ச்செல்வி நடத்திய தனிப்பயிற்சி நிலையத்துக்கு வருவார்.

டீச்சர் அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எந்த வரியைச் சொன்னாலும், “இன்னொரு தரம் சொல்லுங்க” என்பார். பொய் சொல்பவர்கள் அந்த இரண்டாவது தரத்தில் தடுமாறுவதை லாரன்ஸ் கவனித்திருக்கிறார். காணாமல் போன ஒரு நகையும் ஒரு மொட்டைக் கடுதாசியும் அப்படித்தான் துலங்கின. அதிலிருந்து ஏட்டுக்கு டீச்சர் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது.

“முகம் நிலா மாதிரி இருக்குன்னா உவமை. முகமே நிலான்னா உருவகம். இவ்வளவுதான் ஏட்டய்யா.”

“நீங்க சொல்லும்போது புரியுது டீச்சர். கேள்வித்தாளைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணாத் தெரியுதே!”

அப்போதுதான் மாடிப்படியில் குஞ்சம்மாள் மூச்சு வாங்க ஏறிவந்தாள். அந்த எண்பத்தேழாம் வருஷம் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சங்கராபுரம் பக்கம் பஸ்ஸே கிடையாது. மலையடிவாரத்து ஊரிலிருந்து பாதி வழி நடந்தே வந்திருக்கிறாள், பாவம்.

“எங்க வூட்டுக்காரரு ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல சார். அவரப் போயி கொலகாரன்றாங்களே! நாளைக்குக் கருமாதி முடிஞ்சதும் கொலக்கேசு எழுதிடுவாங்களாம். அப்புறம் அவரு வூடு திரும்புவாரா, சொல்லுங்க!”

லாரன்ஸ் சங்கடத்தோடு விவரம் சொன்னார். கொளஞ்சியப்பன் என்ற இளைஞன் போராட்டத்தில் முன்னால் நின்றவன். பஸ்ஸை எரித்ததாக அவன் மேல் ஒரு வழக்கும் இருந்தது, போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. மறியலுக்காக அவன் வெட்டிச் சாய்த்தது குஞ்சம்மாளின் புருஷன் சடையன் பிள்ளைபோல் வளர்த்த புளியமரம். ஊர் பார்க்க இருவருக்கும் சண்டை. மறுநாள் கொளஞ்சியப்பனைக் காணோம். ஓடைக்கரையில் அவன் செருப்பும், முள்ளில் மாட்டிய, ரத்தம் தோய்ந்த துண்டும் கிடைத்தன. மழை வெள்ளம் உடலை இழுத்துப் போயிருக்கும் என்று முடிவு கட்டி, சடையனைப் பிடித்து லாக்கப்பில் வைத்துவிட்டார்கள்.

“சடையன் அன்னிக்கு என்ன சொன்னார்?”

“‘இந்த மரத்த சாய்ச்ச மாதிரி உன்னயும் சாய்ச்சிடுவேன் பாரு’ன்னாரு டீச்சர். ஊரே சாட்சி.”

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

லாரன்ஸ் சொன்னார். டீச்சர் புத்தகத்தை மூடினார்.

“அப்போ ஒரு உவமைக்காக ஒரு மனுஷனை உள்ள வெச்சிருக்கீங்க.”

ஏட்டுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

*

அவருடைய மோட்டார் சைக்கிளில் டீச்சரையும் குஞ்சம்மாளையும் ஏற்றிக்கொண்டு, மரம் கிடந்த இடமெல்லாம் வயலில் இறங்கி ஏறி, பொழுது சாயும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எதிரே கல்வராயன் மலை கருநீலமாக நின்றது. ஊர் எல்லையில் சடையனின் புளியமரத்து அடிக்கட்டை. மழை ஈரத்தில் அதன் விளிம்பு சுற்றிலும் இளந்துளிர் விட்டிருந்தது. குஞ்சம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

“பொழுது போச்சின்னா இங்க ஒருத்தரும் வெளிய வரமாட்டாங்க சார். மலைமேல ஒரு நெருப்பு தெரியுது. பொம்பளைங்க ஒப்பாரி எடுத்ததும் பட்டுன்னு அணஞ்சிடுது. கொளஞ்சியப்பன் ஆவிதான் பழிக்குப் பழி கேக்குதுன்னு எங்க வூட்ட பாத்து மண்ண வாரித் தூத்தறாங்க.”

லாரன்ஸ் யாருக்கும் தெரியாமல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

இழவு வீட்டு வாசலில் கொளஞ்சியப்பனின் தாய் தைலம்மாள் உட்கார்ந்திருந்தாள். சேலை முழங்கால்வரை சேறு. தினமும் ஓடையில் இறங்கி மகன் உடம்பைத் தேடிவிட்டு வருகிறாளாம். மருமகள் பூமாலை சுவரோரம் ஒடுங்கி நின்றாள். கண் வீங்கியிருந்தது. சேலையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. உடம்பு கிடைக்கட்டும், கருமாதியைத் தள்ளி வையுங்கள் என்று அவள் கேட்டதாகவும், பெரியவர்கள் மறுத்துவிட்டதாகவும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

கூரை மூலையில் ஒரு கூடை. அதில் முட்டைகள் இருந்தன. டீச்சர் ஒன்றை எடுத்துப் பார்த்தார், சில்லென்றிருந்தது.

“அடக்கோழிம்மா. எம்மவன் போன அன்னிலேர்ந்து அதையும் காணோம். பீட புடிச்ச வூடு!” என்றாள் தைலம்மாள்.

“செருப்பு எப்படிக் கிடந்தது ஏட்டய்யா?”

“நான்தான் எடுத்தேன். ஜோடியா, கோயில் வாசல்ல விட்ட மாதிரி.”

வெளிச்சம் மங்கியது. மலைச்சரிவில், ஒரு மனித நடமாட்டமும் இல்லாத இடத்தில், நெருப்பு ஒன்று எரிந்தது. கூடியிருந்த பெண்கள் நடுங்கிப் போய் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். பூமாலை மட்டும் வட்டத்தில் சேராமல் மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். தைலம்மாள் மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள்:

“ஆலமரம் சாஞ்சிடுச்சே – என் ராசா
அண்டிநின்ன நெழலும் போச்சே!
ஏரிக்கரை ஒடஞ்சிடுச்சே – என் ராசா
எறைக்கத்தான் தண்ணி இல்லே!
குத்துவெளக்கு அவிஞ்சிடுச்சே – என் ராசா
கும்மிருட்டா ஆச்சே வூடு!”

அடுத்து பூமாலை பாடினாள். அவள் குரல் மெல்லியதுதான், ஆனால் அந்த அமைதியில் மலைவரை போனது:

“மலைமேல போன நெலா – என் சாமி
மேகத்துள்ள மறஞ்சதென்ன?
கோமுகி ஆத்துத் தண்ணி – என் சாமி
கோடமணல் புகுந்ததென்ன?
கதிர்கொத்த வந்த கிளி – என் சாமி
காட்டுக்குத் திரும்பினதென்ன?”

அவள் பாடிய முதல் வரியிலேயே மலைநெருப்பு அணைந்துவிட்டது. யாரோ ஊதி அணைத்ததுபோல இருந்தது.

“இன்னொரு தரம் பாடும்மா” என்றார் டீச்சர்.

பூமாலை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது துக்கம் இல்லை, பயம். இழவு வீட்டில் போய் இன்னொரு தரம் கேட்கிறாளே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

திரும்பும் வழியில் லாரன்ஸ் ஆர்வத்தோடு ஆரம்பித்தார். “‘போல’, ‘மாதிரி’ எதுவும் வரலை. ரெண்டு பேர் பாட்டும் உருவகம்தானே டீச்சர்? மருமக பாட்டு கொஞ்சம் நயமா இருந்தது.”

“இந்தத் தடவை பாஸ் பண்ணிடுவீங்க. ஆனா அணிக்குப் பேர் வெச்சதோட நிறுத்திட்டீங்களே. அவங்க எதை எதுவா ஆக்கினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு ஜீப்போட வாங்க.”

*

கருமாதியன்று காலை ஊரே அந்த வாசலில் கூடியிருந்தது. தாலி வாங்கும் சடங்குக்குப் பூமாலையை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். டீச்சர் பெரியவர்களிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

“உங்க அத்தை நேத்துப் பாடினதுல ஒரே ஒரு வரி. ‘குத்துவிளக்கு அவிஞ்சிடுச்சே’ன்னு. அதை நீ பாடு. அப்புறம் நான் போயிடறேன்.”

பூமாலை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். கை தானாகத் தாலியைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

“இன்னாடி இது, பாடேன்!” என்று ஒருத்தி அதட்டினாள்.

“அவளால பாட முடியாது” என்றார் டீச்சர். “சாய்ஞ்ச ஆலமரம் எழுந்திருக்காது. உடைஞ்ச ஏரியில தண்ணி நிக்காது. பெத்தவ பாடினதெல்லாம் முடிஞ்சு போனதைத்தான். பூமாலை பாடினதைக் கேட்டுப் பாருங்க. மேகம் விலகினா நிலா வரும். மணலைத் தோண்டினா ஊத்து வரும். அடுத்த கதிருக்குக் கிளி திரும்பி வரும். அவ வாயில ஒண்ணுகூடச் சாகலை.”

“புருஷன் திரும்பி வரணும்னு எந்தப் பெண்டாட்டிக்கும் ஆசை இருக்குமே டீச்சர்?” லாரன்ஸ் கேட்டார். நியாயமான கேள்விதான்.

“இருக்கும். ஆசை இருக்கிறவ தேடுவா. தாய் சேலையெல்லாம் சேறு, இவ ஒருநாள்கூட ஓடைப் பக்கம் போகலை. வெட்டுப்பட்டு விழறவன் செருப்பை ஜோடியாக் கழட்டி வைப்பானா? அடைகாக்கிற கோழி முட்டையை விட்டு எங்கே போகும்? துண்டுல இருந்தது அதோட ரத்தம். மலைமேல எரியறது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ‘உசிரோட இருக்கேன்’னு அவன் காட்டற அடையாளம். ‘பார்த்துட்டேன்’னு இவ பதிலுக்குப் பாடறா. அதைக் கேட்டதும் அவன் அணைச்சிடறான்.”

பூமாலை முகத்தை மூடிக்கொண்டு கதறினாள்.

“செத்துட்டாருன்னு தெரிஞ்சா போலீசு தேடாதுன்னுதாங்க செஞ்சோம்! சடையன் மாமாவ புடிப்பாங்கன்னு சத்தியமா தெரியாதுங்க. சொன்னா அவரு போவாரு, சொல்லாங்காட்டி மாமா போவாரு. எதச் சொல்லுவேன்? ஆனா உசிரோட இருக்கிறவர அவிஞ்சிட்டாருன்னு எப்பிடிப் பாடறது? நாக்குல வரல. எங்க பலிச்சிடுமோன்னு பயம்.”

குஞ்சம்மாள் எழுந்த வேகத்தைப் பார்த்து அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, “எங்க வூட்டுக்காரரு வந்துடுவாரு… வந்துடுவாரு…” என்று தேம்பினாள்.

தைலம்மாள் மட்டும் அசையவில்லை. மருமகளைப் பார்த்துக் கேட்டாள்.

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“நீ அழறத பாத்தாதான் ஊரு நம்பும்னு அவருதான் சொன்னாரு அத்த.”

“அடிப் பாவி மவளே! உனக்குப் பலிக்கும்னு பயம் இருந்துச்சே, நான் பாடிட்டனேடி! தெனம் தெனம் எம்புள்ளைய எவ்வாயாலயே சாய்ச்சேனே, ஒடச்சேனே, அவிச்சேனே!”

அவள் தன் வாயில் தானே அறைந்துகொண்டாள். பெண்கள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. குற்றத்தைத் துலக்கிய டீச்சரே அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் குனிந்துகொண்டார்.

*

மதியத்துக்கு மேல், மலைச்சரிவில் தினைக்காட்டுக் காவல் குடிசையிலிருந்து லாரன்ஸ் கொளஞ்சியப்பனை இறக்கிக் கொண்டுவந்தார். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தான். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள், அவன் நிழல்கூடத் தங்கள் மேல் படக்கூடாது என்பதுபோல. தைலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள். அவன் “அம்மா” என்று கூப்பிட்டும் கிட்டே போகவில்லை. பேசினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கிலி.

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். சடையனைக் கையோடு அழைத்துவரக் குஞ்சம்மாளும் ஏறிக்கொண்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போதுதான் ஒப்பாரியின் அதே ராகம் பின்னாலிருந்து எழுந்தது. இழவு முடிந்த பிறகுமா என்று லாரன்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“வெட்டுமரம் துளுத்திடுச்சே – என் ராசா
வெயிலுக்கெல்லாம் நெழலாச்சே!
ஒடஞ்சகரை கூடிடுச்சே – என் ராசா
ஊரெல்லாம் தண்ணியாச்சே!”

தைலம்மாள் ஜீப்பை நோக்கி நடந்துகொண்டே பாடினாள். வண்டி நகர்ந்தது. இரைச்சலில் அவள் குரல் கரையத் தொடங்கியது.

“நிறுத்துய்யா!” லாரன்ஸ் கத்தினார்.

“எதுக்கு ஏட்டய்யா? இருட்டறதுக்குள்ள போகலைன்னா மறுபடி மரத்தைப் போட்டுடுவானுங்க.”

“மரம் துளுத்திடுச்சி, கரை கூடிடுச்சி. விளக்கு இன்னும் பாக்கி இருக்கு. இன்ஜினை ஆஃப் பண்ணு.”

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குஞ்சம்மாளுக்கு விளங்கியது. “நிக்கட்டும் சார். எங்க வூட்டுக்காரரு இன்னும் செத்த நேரம் உள்ள இருந்துட்டுப் போறாரு” என்றாள்.

இன்ஜின் நின்றது. மலையிலிருந்து காற்று மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. தைலம்மாள் ஜீப்பின் பின்பக்கம் வந்து, இத்தனை நாளும் வெள்ளத்தில் தேடிய அந்த உடம்பைத் தொட்டாள். காய்ச்சல் சூடு அவள் கையில் ஏறியது. அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பாடினாள்:

“அவிஞ்சதிரி சுடராச்சே – என் ராசா
ஆகாசம் வெளிச்சமாச்சே!”

டீச்சர் இன்னொரு தரம் கேட்கவில்லை. தைலம்மாளே அந்த வரியை இன்னொரு தரம் பாடினாள். அதற்கப்புறம்தான் லாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்ப எடு வண்டியை” என்றார்.