ஐந்து லட்ச ரூபாய்த் தேத்தாங்கொட்டை

மழை பெய்தால் ரத்தினவேலின் நாட்டு மருந்துக் கடை மூன்று இடத்தில் ஒழுகும். முதல் ஒழுக்கு சுக்கு மூட்டைக்குப் பக்கத்தில். இரண்டாவது, அதிமதுரம் வைத்திருக்கும் அலமாரிக்கு மேல். மூன்றாவது ஒழுக்கு மட்டும் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. சிவரஞ்சனி எங்கே நகர்ந்து உட்கார்ந்தாலும் சரியாக அவள் நோட்டின் மேல்தான் விழும்.

ரத்தினவேலின் மகள் சிவரஞ்சனி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். போன வாரம் பெய்த மழையில் அவள் வரைந்து வைத்திருந்த தமிழ்நாட்டு நதிகள் எல்லாம் நிஜமாகவே ஓடிவிட்டன. காவிரி கன்னியாகுமரி வரைக்கும் போயிருந்தது.

கூரை வேலை பார்க்கும் ஆண்டிச்சாமி ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தகரம் பூரா மாத்தணும்ணே. பன்னெண்டாயிரம் ஆகும். ஐப்பசி பொறந்துட்டா என்னையத் தேடாதீங்க. ஊர்ல எந்தக் கூரை மேல பாத்தாலும் நான்தான் இருப்பேன்."

ஐப்பசிக்கு மூன்று வாரம் இருந்தது. அம்மா செவந்தியின் மஞ்சள் டப்பாவில் ஐயாயிரம் இருந்தது. நனைந்த மருந்துச் சரக்கை விற்க முடியாது. குப்பையில்தான் கொட்ட வேண்டும். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசியது கார்முகில்தான். அவன் சிவரஞ்சனியின் அண்ணன், ப்ளஸ் ஒன் படிக்கிறான். எதையும் யோசிப்பதற்கு முன்பே அவனுக்குப் பதில் தெரிந்துவிடும்.

"அப்பா, அந்தப் பழைய அம்மன் காசு டப்பாவை எடுங்க. ஆன்லைன்ல வித்துரலாம்."

அந்தக் கடையில் பழைய கைத்தராசு ஒன்று உண்டு. அதற்கு எடைக்கல்லாக இருந்தவை அம்மன் காசுகள். புதுக்கோட்டையை மன்னர்கள் ஆண்ட காலத்தில் இந்த ஊரில் புழங்கிய குட்டிச் செம்புக் காசு. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள், "ரெண்டு காசெடை திப்பிலி குடுங்க" என்றுதான் கேட்பார்களாம். எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அறுபது காசுகளும் டப்பாவுக்குள் சும்மா கிடந்தன.

கார்முகில் அப்பாவின் செல்போனில் ஒரு விற்பனைச் செயலியை இறக்கினான். அப்பா பெயரில் கணக்குத் தொடங்கினான். அடுத்து பத்துக் காசுகளை எடுத்து, புளி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தான். கறுத்துக் கிடந்த காசுகள் புதுச் செம்பாக மின்னின.

"என் குத்துவெளக்குகூட இப்படி மின்னாதுடா. நாளைக்கு அதையும் தேச்சுக் குடு" என்றாள் அம்மா.

பளபளத்த காசுகளை மேலே வைத்து, அம்மன் பக்கம் தெரியும்படி ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டான் கார்முகில்.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் செல்போன் சிணுங்கியது.

'வணக்கம் ஐயா. நான் பழங்காசு அதிகாரி மதன். உங்கள் காசு மிக அபூர்வமானது. ஒரு காசுக்கு மூன்று லட்சம் தருகிறோம். செயலியில் பேச வேண்டாம். வாட்ஸ்அப் எண்ணை அனுப்பவும்.'

கார்முகில் எண்ணை அனுப்பிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினான்.

"ஒரு காசுக்கா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. அறுபது காசு. மொத்தம் ஒரு கோடியே எம்பது லட்சம்."

அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்ப தகரம் எதுக்கு? கான்கிரீட்டே போட்டுரலாம்ல."

வாட்ஸ்அப்பில் மதன் சாரின் படம் வந்தது. கோட்டும் டையும் போட்டிருந்தார். முத்திரை குத்திய அடையாள அட்டையும் வந்தது. அடுத்தடுத்துக் கேள்விகளும் வந்தன. கார்முகில் பதில் போட்டுக்கொண்டே இருந்தான். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் அப்பா மனப்பாடமாக வைத்திருக்கவில்லை. பாஸ்புக் வீட்டில் இருந்தது.

கடைசியில் இது வந்தது: 'பதிவுக் கட்டணம் 4,850 ரூபாய் மட்டும். இன்று மாலை ஆறு மணிக்குள் கட்டவும். தவறினால் வேறொருவர் காசை வாங்கிக்கொள்வோம்.'

மணி ஐந்து இருபது.

"டப்பாவில ஐயாயிரம் இருக்குல்ல?" என்றார் அப்பா. "எடுத்துட்டு வா செவந்தி. எதுத்த செல்போன் கடையில குடுத்தா அவங்க அனுப்பிவிட்டுருவாங்க."

அம்மா வீட்டுக்கு நடந்தாள். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது.

சிவரஞ்சனிக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் அவள் அவ்வளவு சீக்கிரம் தன்னை நம்பிவிட மாட்டாள். கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் விடையை எட்டிப் பார்ப்பாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது? நமக்குத்தான் புரியவில்லையோ?

அதற்காகவே அவளிடம் ஒரு நோட்டு உண்டு. அட்டையில் 'சந்தேகம்' என்று எழுதியிருப்பாள். குழப்பம் வந்தால் அதில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்ப்பாள். இப்போதும் செல்போனை வாங்கி, மதன் சார் கேட்டதையெல்லாம் ஒரு பக்கம் வரிசையாக எழுதினாள்.

போன் நம்பர் கேட்டார். வங்கி எது என்று கேட்டார். பணம் எப்போது கட்டுவீர்கள் என்று நான்கு தடவை கேட்டார்.

'காசைப் பற்றிக் கேட்டது' என்ற மறுபக்கம் காலியாக இருந்தது.

அப்போது ஒருவர் வந்து பத்து ரூபாய்க்குச் சுக்குக் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். வந்தவர் ஒரு துண்டை ஒடித்தார். முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பூச்சி அடிக்கலையே?" என்று கேட்டார். பிறகுதான் பணம் கொடுத்தார்.

சிவரஞ்சனி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பா, பத்து ரூவாச் சுக்கையே ஒடிச்சுப் பாத்துத்தான வாங்குறாங்க. மூணு லட்சம் குடுக்கிறவர் காசைத் திருப்பிக்கூடக் காட்டச் சொல்லலையே?"

"அதிகாரிடி அவரு" என்றான் கார்முகில். "படத்தப் பாத்தாலே அவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

"இருக்கலாம்ணே. எனக்கும் நிச்சயமாத் தெரியல. ஒரு தடவை கேட்டுப் பாப்போமே?"

"என்னத்தக் கேக்கப் போற?"

சிவரஞ்சனி கடையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாவது தட்டில் தேத்தாங்கொட்டை பாட்டில் இருந்தது. பொத்தான் மாதிரி வட்டமான சின்னக் கொட்டை. அதைக் குடத்தின் உட்பக்கம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், கலங்கல் எல்லாம் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் கடையில் அதுதான் அதிகம் விற்கும்.

அவள் ஒரு கொட்டையை எடுத்து நீலத் தாளில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று, கையை லேசாக ஆட்டிக்கொண்டே படம் எடுத்தாள்.

"கை ஆடுதுடி" என்றான் கார்முகில்.

"ஆடட்டும்ணே."

படத்தை அனுப்பி, 'இன்னொரு காசும் இருக்கிறது. இது என்ன விலை போகும்?' என்று எழுதினாள்.

அம்மா மஞ்சள் டப்பாவுடன் வந்து நின்றாள். மணி ஐந்து நாற்பது. அரை நிமிடத்தில் பதில் வந்தது. சிவரஞ்சனி சத்தமாக வாசித்தாள்.

'அற்புதம் ஐயா. இது மன்னர் காலத்துக் காசு. முதல் காசை விட அபூர்வம். இதற்கு ஐந்து லட்சம் தருகிறோம். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 9,700 ரூபாய். உடனே கட்டவும்.'

அப்பா எழுந்துபோய் தேத்தாங்கொட்டை பாட்டிலை எடுத்தார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒரு ஐந்நூறு கொட்டை இருக்கும். என்னையவிடப் பணக்காரன் இந்த ஊர்ல யாரும் இல்ல போலயே."

முதலில் சிரித்தது அம்மாதான். டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கார்முகில் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவரஞ்சனி அவன் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே, அந்த நம்பரை எப்படித் தடுக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. நீதான் பண்ணணும்."

அவன் நிமிர்ந்தான். "அது ஒரு நிமிஷ வேலை. குடு."

"இருடா" என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி நான் சொல்றதை அனுப்பு. 'சார், அது தேத்தாங்கொட்டை. தண்ணியில உரசிப் பாருங்க, எல்லாம் தெளிஞ்சிரும்.'"

அனுப்பினார்கள். அதற்குப் பதில் வரவில்லை. கார்முகில் அந்த எண்ணைத் தடுத்தான். செயலியிலும் புகார் பதிந்தான். பதியும்போதுதான் பார்த்தான்: செயலிக்குள் மத்தியானத்திலிருந்தே இன்னொரு செய்தி திறக்கப்படாமல் கிடந்தது. தஞ்சாவூரிலிருந்து அன்புச்செல்வி என்பவர் எழுதியிருந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், பழங்காசு சேர்ப்பவர். விலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒன்பது கேள்விகள் மட்டும் இருந்தன.

'மறுபக்கம் படம் அனுப்ப முடியுமா? ஒரு காசு எத்தனை கிராம்? விளிம்பில் வெட்டு இருக்கிறதா? உங்களிடம் எப்படி வந்தது?'

"இந்த அம்மா என்ன, பரீட்சையே வைக்கிறாங்க" என்றான் கார்முகில்.

"சுக்கை ஒடிச்சுப் பாக்குறாங்கண்ணே" என்றாள் சிவரஞ்சனி.

மறுநாள் காலையில், நல்ல வெயிலில், இரண்டு பக்கமும் படம் எடுத்தார்கள். பக்கத்தில் தேதி எழுதிய தாள் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். காசை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தார்கள். இத்தனை நாள் மற்றதையெல்லாம் எடைபோட்ட காசு இப்போது தானே தட்டில் ஏறியது.

எட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதியாயிற்று. ஒன்பதாவதில் சிவரஞ்சனி நின்றுவிட்டாள். 'காசுகளை எதையாவது போட்டுத் தேய்த்தீர்களா?'

"தேய்க்கலன்னு போடு" என்றான் கார்முகில் மெதுவாக. "தெரிஞ்சா வாங்க மாட்டாங்க போல."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆண்டிச்சாமி சொன்ன கெடுவுக்கு இன்னும் பதினாறு நாள். ஆனால் நேற்று இரண்டாகப் பிரித்து எழுதிய பக்கம் நோட்டில் அப்படியே இருந்தது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நாம் இருக்கப் போகிறோம்?

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "பூச்சி அடிச்ச சுக்கை நாம என்ன சொல்லி விப்போம்?" என்று மட்டும் கேட்டார்.

"பூச்சி அடிச்சதுன்னு சொல்லித்தான்."

'பத்துக் காசுகளைப் புளி போட்டு விளக்கிவிட்டோம். மீதி ஐம்பதைத் தொடவில்லை' என்று எழுதினாள்.

அவள் கிளம்பும் வரை பதில் இல்லை. பள்ளியில் அன்று ஆங்கில டீச்சர் கேட்ட கேள்விக்குச் சிவரஞ்சனி தமிழில் பதில் சொன்னாள். அதுவும் தப்பான பதில்.

சாயங்காலம் கடைக்கு வந்தபோது கார்முகில் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றான்.

'ஐயோ, புளியா? பழங்காசுக்கு அந்தக் கறுப்புதான் அழகு. அந்தப் பத்தும் எனக்கு வேண்டாம். ஆனால் கேட்டதும் உண்மையைச் சொன்னீர்கள். அதனால் மீதி ஐம்பதையும் சந்தேகமில்லாமல் வாங்குகிறேன். காசுக்கு நூற்றைம்பது. பணத்தைச் செயலியிலேயே கட்டுகிறேன். காசு என் கைக்கு வந்ததும் அவர்கள் உங்களுக்கு அனுப்புவார்கள்.'

"ஏழாயிரத்து ஐந்நூறு" என்றான் கார்முகில். இந்த முறை கோடியைப் பற்றி அவன் பேசவில்லை.

செயலியில் பணம் கட்டப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் பொட்டலம் போட்டார்கள். சிவரஞ்சனி காசுகளை எண்ணி எண்ணி வைக்க, கார்முகில் அதை வீடியோ எடுத்தான். அப்பா தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினார். ரசீதை அவள் சந்தேக நோட்டில் ஒட்டி வைத்தாள்.

மூன்றாம் நாள் அப்பாவின் கணக்கில் பணம் ஏறியது. அதற்கு அடுத்த நாள் ஆண்டிச்சாமி கூரை மேல் இருந்தார்.

ஐப்பசி பிறந்த நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. புதுத் தகரத்தில் அது போட்ட சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. சுக்கு மூட்டை காய்ந்திருந்தது. அதிமதுர அலமாரி காய்ந்திருந்தது. சிவரஞ்சனி தன் இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் காவிரியை வரைந்தாள். அது ஒழுங்காகப் பூம்புகாரில் போய் முடிந்தது.

குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார்.

"கெணத்துத் தண்ணி ஒரே கலங்கலா இருக்குங்க. தேத்தாங்கொட்டை இருக்கா?"

"இருக்குங்க. எவ்வளவு வேணும்?" அப்பா பாட்டிலைக் கவிழ்த்தார்.

அந்த அம்மா கல்லா மேல் தனியாக ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்த ஒற்றைக் கொட்டையைப் பார்த்தார். "இதையும் சேத்துப் போடுங்களேன்."

அப்பா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது மட்டும் முடியாதுங்க. அது அஞ்சு லட்சம்."

சிவரஞ்சனி தலையை நிமிர்த்தாமலே சிரித்தாள். நோட்டில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.