பதறாத காரியம்

காலை ஆறரைக்கு என் வகுப்பு தொடங்கும். பைக் பழக வருகிறவர்கள் ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன், அன்றைக்கு மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாசலிலுள்ள சிவப்புத் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். 'வீட்டுக்காரர்' என்று எழுதிப் போட்ட ஒரு அம்மாள் ஒரு வருடமாகியும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

"ஹேண்டில்பார இறுக்கிப் பிடிக்காதீங்க. தாடையத் தளத்துங்க, தோள எறக்குங்க. பள்ளத்தையே பாத்தா பள்ளத்துலதான் விழுவீங்க. போக வேண்டிய எடத்தப் பாருங்க." பதினான்கு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிதானச் சட்டத்துக்கும் அதே வயதுதான்.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மனமானி நாடியையும் நெற்றி வியர்வையையும் மூளை அலையையும் அளந்து நூற்றுக்கு ஓர் எண் தரும். அறுபதும் அதற்கு மேலும் இருந்தால் பைக் ஓடும். குறைந்தால் வேகம் தானாக இறங்கி ஓரமாக நின்றுவிடும். பின்னால் உட்காருபவருக்கும் அதே விதிதான். இருவரில் யாருடைய எண் குறைவோ அதுவே வண்டியின் எண். சட்டம் வந்தபிறகு திருச்சியில் பைக்கில் போய்ச் செத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை நான் மறுக்கவில்லை. ஊர் ஊராகப் போய் மேடையில் புகழ்ந்தவன் நான்தான்.

திருவானைக்காவலில் இருக்கும் என் பள்ளியின் சுவரில் 'பதறாத காரியம் சிதறாது' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே 'பயிற்சியாளர் சூசைராஜ், பதினான்கு வருடம் ஒருமுறைகூட நிற்காத வண்டி' என்று இருக்கும். போக்குவரத்துத் துறை கொடுத்த கேடயத்தை என் மனைவி பிலோமினா ஃப்ரிட்ஜ் மேல் வைத்து அதில் சீப்பைச் சாய்த்து வைப்பாள். "வீட்டுலயும் ஒங்களுக்கு எண் எறங்காது. நான் அழுதாலும் எழுவது, சிரிச்சாலும் எழுவது" என்பாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட மடையன்.

ஒரு புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் கொழுந்தியாள் லூர்து ஃபோனில் அழுதாள்.

"அத்தான், அக்காவுக்கு மறுபடி நெஞ்சுவலி. தென்னூர் ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. ஒங்களையும் ஷெரினையும் கேட்டுக்கிட்டே இருக்கா. ஷெரின் லேப்லேருந்து கெளம்பிட்டா, நீங்களும் சீக்கிரம் வாங்க."

ஷெரின் எங்கள் ஒரே மகள். மாம்பழச்சாலையில் ஒரு லேபில் வேலை. எனக்கோ அவளுக்கோ தென்னூர் போகக் காவிரிப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். தானோட்டிக் கார் கேட்டால், வருவதற்கே நாற்பது நிமிடம் ஆகும் என்றது. பைக்கில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினேன். எண் முப்பத்தொன்று. வண்டி அசையவில்லை. மாலை வகுப்புக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாடையைத் தளர்த்தினேன், தோளை இறக்கினேன். நாற்பத்து நான்கு. அதற்கு மேல் ஏறவில்லை. பிலோமினா மார்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் மனதுக்குள் ஒரு சீட்டை எடுத்து 'பிலோமினா' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். அறுபத்து மூன்று. வண்டி கிளம்பியது.

அவளிடம் போய்ச் சேர அவளை மறக்க வேண்டியிருந்தது. அவள் முகம் வரும், எண் சரியும், மறுபடி சீட்டு, மறுபடி பெட்டி. மாம்பழச்சாலை தாண்டுவதற்குள் பழகிவிட்டது. நான் நல்ல ஆசிரியன்.

பாலத்தின் முதல் கால்வாசியில், கைப்பிடிச் சுவரோரம் ஷெரினின் நீல வண்டி நின்றிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் வீசினாள்.

"அப்பா! அப்பா, நில்லுங்க!"

அவளை ஏற்றினால் அவள் எண்தான் வண்டியின் எண். இருவருமே பாலத்தில் நிற்க வேண்டியதுதான். சட்டப்படி நான் செய்தது சரி. ஆனால் நான் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. இன்னொரு சீட்டில் 'ஷெரின்' என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன்.

நான் போனபோது பிலோமினாவுக்கு நினைவு இருந்தது.

"ஷெரின் எங்கங்க?"

"வந்துக்கிட்டு இருக்கா."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

இருந்தது. எங்கோ இருந்தது. எடுக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் வரும் என்று காத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது வகுப்புக் குரல்தான்: "தோள எறக்கு பிலோ. மூச்ச மெதுவா விடு."

அவள் முகத்தை என்னிடமிருந்து திருப்பிக் கதவைப் பார்த்தாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. பத்து நிமிடத்தில், கதவைப் பார்த்தபடியே போய்விட்டாள்.

இன்னும் பதினைந்து நிமிடம் கழித்து ஷெரின் வந்தாள். பாலத்திலிருந்து தென்னூர் வரை ஓடியும் நடந்தும் வந்திருக்கிறாள். வார் அறுந்த ஒரு செருப்பு கையில் இருந்தது. லூர்து அவளைக் கட்டிக்கொண்டு கத்தினாள். ஷெரின் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து குரலே இல்லாமல் அழுதாள். அந்த அறையில் அழாதவன் நான் ஒருவன்தான்.

வெகுநேரம் கழித்து, நான் உட்கார்ந்திருந்த வராந்தாவுக்கு ஷெரின் வந்து என் எதிரில் நின்றாள். ஏன் நிற்காமல் போனீர்கள் என்று கேட்பாள் என நினைத்தேன். பின்னால் உட்காருபவருக்கான விதியைச் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் என் மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"பாலத்துல என்னையத் தாண்டிப் போனீங்கள்ல. அப்ப ஒங்க எண் எத்தனப்பா?"

எண்ணில் மட்டும் நான் பொய் சொன்னதில்லை.

"எழுவத்தெட்டு," என்றேன். அந்தப் பயணத்தில் அதற்கு மேல் வரவில்லை.