தூசிமானி பூஜ்யம் காட்டியது

ஆடிக் காற்று தொடங்கிய பதினோராம் நாள் காலையில், வடிவு மூச்சுப்பெட்டியின் மூடியைத் திறந்து, போட்டு நான்கே நாளான வடிதாளை உருவி எடுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று மூடியிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் உள்ளறையில் எழிலின் நெஞ்சு விசிலடிப்பது கூடம்வரை கேட்டது. மகளுக்கு எட்டு வயது.

கோவில்பட்டியில் யாரும் ஜன்னலைத் திறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மழை பொய்த்துப்போன கரிசல் மண் வருடத்தில் ஐந்து மாதம் காற்றில்தான் இருக்கிறது. ஜன்னல் விளிம்புகளைப் பசை ஊற்றி அடைத்துவிட்டார்கள். வாசலுக்கு இரட்டைக் கதவு. வெளிக்காற்றை இழுத்து, வெள்ளை இழைகளால் நெய்த தடித்த வடிதாள் வழியாக உள்ளே அனுப்புவது மூச்சுப்பெட்டியின் வேலை. எவ்வளவு தூசி மிஞ்சியிருக்கிறது என்று சுவரில் இருக்கும் தூசிமானி சொல்லும். எழில் பிறந்ததிலிருந்து சுவாசித்ததெல்லாம் பெட்டிக் காற்றுதான். பள்ளிக்கூடத்திலும் அதேதான்.

புதுத் தாளைச் செருகி வடிவு பொத்தானை அமுக்கினாள். தூசிமானி இறங்கியது: மூன்று, இரண்டு, பூஜ்யம். அவள் பெருமூச்சு விட்டாள். பத்து நிமிடத்தில் எழில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா... முடியல."

இன்ஹேலரை வைத்தாள். கேட்கவில்லை. கைப்பேசியில் டாக்டரம்மாவை அழைத்தாள். எழிலின் நீலம் பாய்ந்த உதட்டைத் திரையில் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்மா. ஆனா ரோட்டுல எதுவும் தெரியலையாம், காத்து அடங்கி மூணு மணிக்கு மேலதான் கெளம்புவாங்க. தூசி எங்கயோ உள்ள வருது. வடிதாள மாத்துங்க."

"இப்பதான் மாத்துனேன் டாக்டர். மானி பூஜ்யம் காட்டுது."

"அப்ப அந்தத் தாள்ல ஏதாவது கோளாறு இருக்கும். வேற போடுங்க."

மணி பத்தரை. வீட்டில் வேறு தாள் இல்லை. லாரி ஓட்டப் போன கணவன் புழுதியில் மாட்டி எங்கோ வழியில் நிற்கிறான். வடிவு பக்கத்து வீட்டு ஜெயக்கொடியை அழைத்தாள்.

"எங்கிட்ட ரெண்டு இருக்கு வடிவு. வெளிக்கதவுக்குள்ள ஒண்ணு வைக்கேன், வந்து எடுத்துக்க. எங்க வீட்டு அண்ணாச்சிக்கும் நேத்துலேர்ந்து நெஞ்ச அடைக்குதுங்காக. இன்னொண்ண நானும் மாட்டப் போறேன்."

முகமூடி மாட்டிக்கொண்டு ஓடி எடுத்து வந்தாள். பெட்டியை நிறுத்தி மூடியைத் திறந்தபோது கொக்கி உடைந்து கையோடு வந்தது. கம்பியை வளைத்து அதைக் கட்டி நிறுத்த இருபது நிமிடம் ஆகிவிட்டது. இரண்டு முறை கம்பி நழுவியது.

"யம்மா, தண்ணி."

வடிவு திரும்பிப் பார்த்தாள். எழில் முழு வார்த்தையாகப் பேசினாள். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. 'தெய்வமே' என்று கும்பிட்டுவிட்டு, அவசரமாகப் பெட்டியை ஓட்டினாள்.

விசில் சத்தம் ஐந்தே நிமிடத்தில் திரும்பியது. முன்னைவிட மோசமாக. எழிலின் கழுத்துக்குக் கீழே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழும்பியது.

வடிவு அப்படியே நின்றாள். தீப்பெட்டி ஆலையில் ஆயிரம் குச்சிகளில் ஒரு கோணல் குச்சியைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. பெட்டி நின்றிருந்தபோது பிள்ளை மூச்சு விட்டாள். பெட்டி ஓடும்போது திணறுகிறாள். அவள் விளக்கை அணைத்து, கைப்பேசி வெளிச்சத்தைக் காற்று வரும் துளையில் பாய்ச்சினாள்.

ஒளியில் ஏதோ மினுங்கியது. முடியைவிட நூறு மடங்கு மெல்லிய வெள்ளை இழைகள். புதுத் தாளிலிருந்து உதிர்ந்து, ஆயிரக்கணக்கில் மிதந்து வந்தன. மண்ணையும் புகையையும் மகரந்தத்தையும் எண்ணுவதற்கே தூசிமானியைப் பழக்கியிருந்தார்கள். தன் பெட்டியின் இழை அதற்குத் தூசியே அல்ல. அது பூஜ்யம் காட்டியது.

எட்டு வருடமாக அந்தச் சின்ன உடம்புக்கு எதிர்ப்பதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. காற்றில் இருந்த அந்த இழையையே எதிரியாக எடுத்துக்கொண்டது. டாக்டர்கள் தூசி ஒவ்வாமை என்றார்கள். மூச்சு இரைத்த போதெல்லாம் தாள் மாற்றினாள். புதுத் தாள்தான் அதிகம் உதிரும். மூன்று மாதத் தாளை நான்கு நாளில் மாற்றியவள் அவள்தான்.

"நாந்தானாடி..." என்றாள்.

பெட்டியை நிறுத்தினாள். ஆனால் அடைத்த வீட்டில் அறையின் காற்று எத்தனை நேரம் வரும்? மிதக்கும் இழையும் எங்கும் போகாது. ஜன்னலைத் திறந்தால் கரிசல் புழுதி. அதை எழிலின் நெஞ்சு தாங்குமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்படி யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. எழிலின் கண்கள் மேலே செருகத் தொடங்கின.

வடிவு தோசைத்திருப்பியால் ஜன்னல் பசையைக் குத்திப் பெயர்க்கப் பார்த்தாள். வரவில்லை. அம்மிக்குழவியை எடுத்து வந்து கண்ணாடியை உடைத்தாள். சேலை ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கி ஜன்னலில் தொங்கவிட்டாள். புழுதியில் பாதி சேலையில் ஒட்டியது, பாதி உள்ளே வந்தது. தூசிமானி அலறிக்கொண்டு தொள்ளாயிரத்தைத் தாண்டியது. எழில் தும்மினாள். கண்ணில் நீர் கொட்ட இருமினாள், அடுக்கடுக்காகத் தும்மினாள். வடிவு அவளை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே எண்ணினாள். இருநூறு எண்ணும்போது விசில் தேய்ந்தது. நானூறில் நின்றுவிட்டது.

"மண்ணு வாசமா இருக்கு," என்றாள் எழில், களைத்துப்போய்.

வடிவுக்கு அப்போதுதான் ஜெயக்கொடியின் குரல் நினைவுக்கு வந்தது. இன்னொண்ண நானும் மாட்டப் போறேன். அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. எழிலைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, முகமூடிகூட இல்லாமல் ஜெயக்கொடி வீட்டு வாசலுக்கு ஓடினாள்.

"மதினி! பெட்டிய அமத்துங்க! வடிதாள்தான் மதினி மூச்ச அடைக்குது, தூசி இல்ல!"

கதவுப் பேசியின் திரையில் ஜெயக்கொடி அழுகையோடு வந்தாள். "வடிவா? என்னடி இது கோலம், தலையெல்லாம் மண்ணு!"

"கதவத் திறங்க, நான் காட்டுதேன். எழிலு இப்ப நல்லா இருக்கா. ஜன்னல ஒடச்சிட்டேன்."

"ஜன்னல ஒடச்சியா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அண்ணாச்சி பேச்சு மூச்சில்லாமக் கெடக்காக. இந்தப் புழுதியோட ஒன்ன உள்ள விடவா? புதுத் தாள் போட்டிருக்கேன், சரியாயிரும். போயிருடி, கும்பிடுதேன், போயிரு!"

பேசி அணைந்தது. வடிவு இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். தட்டத் தட்ட, அவள் கையிலும் சேலையிலும் இருந்த புழுதி வாசலில் எழுந்தது. வாசலில் இருந்த தூசிமானி அதை எண்ணியது. உள்கதவின் தாழ் தானாக விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுப்பெட்டி வேகத்தைக் கூட்டியது.