ஏரிக்கரைக்குத் தள்ளிய கொலை

காலை பதினொன்றரை. மாஜிஸ்திரேட் குற்றப்பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொலை நடந்த இடம் ஏரிக்கரை என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கரை பக்கத்து மாவட்டம்.

“இதை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை.”

மோகன் கைதாகி நாளையோடு தொண்ணூறு நாள். அதற்குள் சரியான குற்றப்பத்திரிகை போகாவிட்டால் சட்டப்படி அவனுக்கு ஜாமீன் உறுதி. ஒரகடம் கார் தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர். அவனுக்குக் கீழே கார்க் கதவு பொருத்தும் வேலை பார்த்த சின்னப்பையன் என்பவனைத்தான் அடித்துக் கொன்றான்.

“அவன் வெளிய வந்தா சாட்சி சொல்ல எவன் மேடம் வருவான்?” என்றாள் சின்னப்பையனின் மனைவி லீலா. “எல்லாம் கான்ட்ராக்ட் பசங்க.”

எஸ்.ஐ. சசிகலா கேஸ் கட்டைப் பிரித்தாள். பிணத்தின் படத்தில் மோதிர விரலைச் சுற்றி நீல டேப். ‘விரல் காயத்துக்குக் கட்டு’ என்று இன்ஸ்பெக்டர் ஹேமந்த் குறித்திருந்தார். தலையைத் தவிர உடம்பில் எங்கும் காயம் இல்லை என்றது பிரேதப் பரிசோதனை.

“விரல்ல இன்னா டேப்பு, லீலா?”

“டேப்பா? கல்யாண மோதிரம்தான் இருக்கும். இறுகிப்போய்க் கழலவே கழலாது.”

மாலை மூன்றரை. ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே வந்தார்கள். வந்ததும் விரலில் இருந்த டேப்பைக் கிழித்துச் சுவரில் அப்பினார்கள். சுவர் முழுக்க வியர்வையும் முடியும் ஒட்டிய நீலக் கந்தல்.

“கார்ல கீறல் வுழக்கூடாதுல்ல மேடம். மோதிரம் கழலலன்னா டேப்பு சுத்தணும்,” என்றான் ஒருவன்.

“அப்படியே வூட்டுக்குப் போறதில்லையா?”

“இது இன்னா தங்கமா, போட்டுக்கினு சுத்த? விரலு வெந்துபூடும்.”

நாலரை. டி.எஸ்.பி. அறை.

“ஏரிக்கரைன்னு மோகனே வாக்குமூலம் குடுத்தான் சார்,” என்றார் ஹேமந்த்.

“குடுக்கச் சொன்னது நீங்க,” என்றாள் சசிகலா. “சின்னப்பையன் உயிரோட கேட்டத் தாண்டல. தாண்டியிருந்தா விரல்ல டேப் இருக்காது. கார் பூட்டுற லைன்லயே கொன்னுட்டு ஏரிக்கரையில போட்டிருக்கான். கொலை நடந்த இடம் ஒரகடம். நம்ம கோர்ட் விசாரிக்கலாம்.”

“கட்டுன்னு நினைச்சேன். கவனக்குறைவு.”

“கையில காயமே இல்லன்னு டாக்டர் எழுதினதைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டது நீங்க. அதுக்கப்புறம் காயத்துக்குக் கட்டுன்னு எழுதினதும் நீங்க. டேப்புன்னு எழுதினா லைன் மாட்டும். கொலை விசாரணைன்னு லைன் நிக்கக் கூடாது கம்பெனிக்கு. ஜாமீன் வேணும் மோகனுக்கு. ஒரே பொய்யில ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சிது.”

ஹேமந்த் டி.எஸ்.பி.யைப் பார்த்துக் கேட்டார்: “டீ சொல்லட்டுமா சார்?”

டி.எஸ்.பி. கேஸ் கட்டைச் சசிகலா பக்கம் தள்ளினார். “நீங்களே திருத்தி எழுதுங்க.”

கோர்ட் மூடுவதற்குள் திருத்திய குற்றப்பத்திரிகை உள்ளே போனது. இந்த முறை திரும்பி வரவில்லை.

கோர்ட் படியில் நின்று, லைனில் சின்னப்பையனுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த ஏசுவடியானுக்கு லீலா போன் போட்டாள்.

“மோகன் வெளிய வரலப்பா. உள்ளதான் கீறான். மேடமாண்ட வந்து சாட்சி சொல்றியா?”

மறுமுனையில் கன்வேயர் சத்தம். அதற்கு மேல் அவன் குரல்.

“ஷிஃப்ட்ட மாத்திக்கினு வரேன்க்கா.”