ஓய்ந்த நொடிகள்

காலை ஏழரை மணிக்கு ஜெனோவா திரையைத் திறந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்களில் முன்னூறுக்கு மேல் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன. தூத்துக்குடியில் அது இட்லி நேரம். ஒவ்வொரு கட்டமும் ஒரு தொண்டை. யாரோ ஒருவர் விழுங்கினால், அல்லது ஒரு வார்த்தை பேசினால், அவருடைய கட்டம் பச்சையாகும். விழுங்கி முடித்தால் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். ஆறு வருடங்களாக அந்த ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இப்படித்தான் சாப்பிட்டார்கள், பேசினார்கள்.

ஆழிவளம் வேதி ஆலையில் ஒரு குழாய் வெடித்து வாயு கசிந்ததில் அவர்களுடைய தொண்டை நரம்புகள் செத்துப்போயின. உயிர் பிழைத்தவர்களின் கழுத்தில் ஒரு பட்டை மாட்டினார்கள். மூளை விழுங்கவோ பேசவோ நினைக்கும் கணத்தைப் பட்டை பிடித்து, கடலுக்கடியில் இருக்கும் சர்வர் கூடத்துக்கு அனுப்பும். எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்று சர்வர் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பும். எல்லாம் கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். நீதிமன்றம் ஆலைக்கு இட்ட உத்தரவு ஒன்றுதான்: இந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போதுமான கணினித் திறனை, அதாவது சர்வரில் ஆளுக்கு ஓர் இடத்தை, அவர்கள் உயிரோடு இருக்கும்வரை, முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பெயர் முன்பதிவுத் திறன். வருடக்கணக்கில் மொத்தமாக வாங்குவதால் மலிவு. ஆலையின் மற்ற வேலைகளுக்கு, சந்தை முன்கணிப்புக்கும் கப்பல் வழித்தடத்துக்கும், உடனடித் திறன். தேவைப்படும்போது எடுத்து, எடுத்த அளவுக்குக் கட்டணம். மத்தியான வெயிலில் கடல்நீரே சூடாகி சர்வர்களைக் குளிர்விப்பது பெரும்பாடாகிவிடும் என்பதால், பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை உடனடித் திறனின் விலை ஏழு மடங்கு.

அந்த ஆலையில் ஜெனோவாவின் பதவி திறன் சமனாளர். வாங்கி வைத்த திறனில் ஒரு துளியும் வீணாகாமல் பார்ப்பது அவள் வேலை. சேர்ந்த முதல் மாதத்திலேயே அவள் ஒன்றைக் கவனித்தாள். முன்பதிவில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. ஆலையின் கணக்கில் எந்த வேலை முதலில் ஓடுகிறதோ, முன்பதிவுத் திறன் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மனிதர்கள் நாள் முழுக்கவா விழுங்குகிறார்கள்? ஒரு பட்டை நான்கு நொடி சும்மா இருந்தால் அதன் இடத்தை விலை ஏறும் நேரத்தில் ஆலையின் வேலைக்குத் தரலாம் என்று அவள் ஒரு விதி எழுதினாள். அந்த நொடிகளுக்கு அவளே வைத்த பெயர்தான் 'ஓய்ந்த நொடிகள்'. ஏழு மடங்கு விலை கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

அவசரத்துக்குப் பட்டைக்குள்ளேயே ஒரு சில்லு இருக்கிறது, சர்வர் தாமதித்தாலும் விழுங்க வைத்துவிடும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் அவளுடைய பிரிவுத் தலைவர் வைகுந்தராஜன். அவள் நம்பினாள். நம்புவது அன்றைக்கு வசதியாகவும் இருந்தது.

விதி நடைமுறைக்கு வந்து பத்து மாதம் ஆன அன்று, நிர்வாகம் அவளைப் பாராட்டி விருந்து வைத்தது. இரண்டாம் மாடிச் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டன் பிரியாணி. கேக்கில் அவள் பெயரை எழுதியிருந்தார்கள். வைகுந்தராஜன் அவள் தோளில் தட்டி, "இந்தப் பொண்ணு காத்துல இருந்து திறன் எடுத்தவ" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. புகார் கொடுக்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருக்கிறார்கள், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள், யாரிடம் அனுப்புவது என்று கேட்டார்கள். சந்தோஷத்தில் இருந்த ஜெனோவா, "மேல அனுப்புங்க, சாப்பிட்டுட்டே பேசலாம்" என்றாள்.

வந்தவர் பெயர் கொம்பையா. ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் பட்டை. சட்டைக் காலரின் இரண்டு பக்கமும் கறைபிடித்து மஞ்சளாக இருந்தன. அவர் மனைவி மாடத்தி தோளில் ஒரு துணிப்பை, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எட்டிப் பார்த்தது.

"சாப்பிடுங்க ஐயா" என்று ஜெனோவா தட்டை நகர்த்தினாள்.

"இந்நேரத்துல வேண்டாம்மா" என்றாள் மாடத்தி. "இவிய மத்தியானம் சாப்பிடுததில்ல."

கொம்பையா பிரியாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாய் தானே, மாடத்தி" என்றார். பட்டையின் வழியாக வந்த குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார்.

ஜெனோவா, ஏதோ பழக்கத்தில், கையிலிருந்த பலகைக்கணினியில் அவர் எண்ணைத் தேடினாள். கட்டம் சாம்பல். அவர் மென்றுகொண்டிருந்தார். நாலு நொடி. கட்டத்தின் மூலையில் ஒரு சின்ன அம்பு தோன்றியது: இடம் விடுவிக்கப்பட்டது. அடுத்த நொடியே ஒரு முன்கணிப்பு வேலை வந்து அங்கே உட்கார்ந்துவிட்டது.

கொம்பையா விழுங்கப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அவர் கண்கள் பெரிதாகின. கழுத்து முன்னால் நீண்டது. வாயோரத்தில் எச்சிலும் எண்ணெயும் கலந்த சோறு வழிந்து தாடை வழியாக இறங்கிச் சட்டையில் விழுந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து ஓட்டைத் துருத்தி இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. மாடத்தி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவர் தலையைத் தன் இடுப்போடு சாய்த்துப் பிடித்து, இரண்டு விரலை வாய்க்குள் விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்தாள். பிறகு பையிலிருந்த குழாயை உள்ளே செருகிக் கைப்பம்பை அழுத்தி உறிஞ்சினாள். கொழகொழவென்று பழுப்பாக ஏதோ குப்பிக்குள் இறங்கியது. பதினான்கு நொடி கழித்துக் கட்டம் பச்சையானது. அப்போது விழுங்க வாயில் எதுவும் இல்லை.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் தட்டோடு எழுந்து நகர்ந்தார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, "இவங்கள விசிட்டர் ஏரியாவுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே, ப்ளீஸ்" என்றாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"எல்லா நாளும் இப்படியா?" ஜெனோவாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பத்து மாசமாத்தான்" என்றாள் மாடத்தி, குப்பியை மூடியபடி. "அதுக்கு முந்தி நல்லாத்தான் சாப்பிட்டாவ. வெயில் ஏறிட்டா பட்டை தூங்கிருது. மூணு தடவ எழுதிப் போட்டோம். பதிலுக்கு ஒரு தாள் வந்துச்சு."

தாளை நீட்டினாள். 'பயனாளர்களுக்கான உணவு நேர ஒழுங்கு' என்று தலைப்பு. பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை உணவைத் தவிர்க்கவும். தேவையற்ற உரையாடலைக் குறைக்கவும். எச்சிலைத் துப்பப் பாத்திரம் வைத்துக்கொள்ளவும். கீழே வைகுந்தராஜனின் கையெழுத்து. தேதி ஒன்பது மாதத்துக்கு முந்தையது.

தாளைப் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்து, அவர்களை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, அவள் வைகுந்தராஜனிடம் போனாள். அவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நல்லி எலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை உறிஞ்சினார்.

"சார், பட்டையில சில்லு இருக்குன்னு சொன்னீங்க."

"முதல் மாடல்ல இருந்துச்சு. செலவுன்னு அடுத்ததுல எடுத்துட்டாங்க."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." எலும்பைத் திருப்பி மறுபக்கம் உறிஞ்சினார். "இங்க பாரும்மா, உத்தரவு என்ன சொல்லுது? திறனை வாங்கி வைக்கணும். வச்சிருக்கோமா இல்லையா? நானூத்திப் பன்னெண்டும் அப்படியே இருக்கு. யாரு முதல்ல எடுக்கறதுன்னு உத்தரவுல இல்ல. சட்டப்படி நாம சுத்தம்."

"அவரு மூச்சு முட்டிச் சாகப் பார்த்தாரு சார்."

"மத்தியானம் சாப்பிடாதேன்னு தாள் அனுப்பினோமே? அதையும் மீறித் தின்னா?" உதட்டோரம் வழிந்த நெய்யை நாக்கால் நக்கிக்கொண்டார். "அவங்க சும்மா இருக்கற நேரமெல்லாம் வீணாப் போகுதுன்னு கண்டுபிடிச்சதே நீ. இப்ப என்ன புதுசா?"

அவள் திரும்பி நடந்தாள். கழிப்பறைக்குப் போய், சாப்பிட்டது அத்தனையையும் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் அருவருப்பு போகவில்லை. அது வயிற்றில் இல்லை. அவள் மென்று விழுங்கி வளர்ந்த பத்து மாதமும் அவள் உடம்பில் சதையாக ஒட்டியிருந்தது போலிருந்தது. கண்ணாடியில் தன் தொண்டை தானாக ஏறி இறங்குவதைப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசைக்கு வந்து பத்து மாதப் பதிவுகளைத் திறந்தாள். எந்தப் பட்டை எந்த நேரத்தில் இடத்தை இழந்தது, எத்தனை நொடி காத்திருந்தது, எல்லாம் அங்கேயே இருந்தது. அவள்தான் ஒருநாளும் பார்த்ததில்லை. பதினோரு கட்டங்களில் பதிவு பாதியில் நின்றிருந்தது. மருத்துவக் குறிப்பில் எல்லாவற்றிலும் ஒரே வரி: நுரையீரல் தொற்று, இயற்கை மரணம். பதினோரு பேரும் மத்தியானத்தில் நெடுநேரம் காத்திருந்தவர்கள். ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. செத்தவர்களின் முன்பதிவு ரத்தாகவில்லை. அது முழுநேரமும் ஆலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. சேமிப்பு அறிக்கையில் அது 'கூடுதல் பயன்' என்று அவள் கைப்படவே போயிருந்தது.

அவள் தன் விதியை அழித்தாள். பிறகு முன்பதிவு ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுத ஆரம்பித்தாள். பெயர் எழுதிவிட்டால் அந்த இடம் வேறு எதன்மேலும் போய் ஒட்டாது. கொம்பையாவில் தொடங்கி, உயிரோடு இருக்கும் நானூற்று ஒரு பேரையும் எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. செத்தவர்களின் பெயரையும் எழுதினாள். அந்தப் பதினோரு இடமும் யாருக்கும் உதவாமல் சும்மா கிடக்கட்டும் என்று விட்டாள். உத்தரவை ஆலை நிறைவேற்றுகிறதா என்று பார்க்கும் நீதிமன்றக் கண்காணிப்பாளருக்குப் பதிவுகள் முழுவதையும் அனுப்பினாள். மேலே ஒரே வாக்கியம்: 'இந்த விதியை எழுதியவள் நான்.'

உடனடித் திறனின் செலவு எகிறியதும் வைகுந்தராஜன் மூச்சிரைக்க வந்தார். "என்ன செய்ற? இத்தனை இடமும் சும்மா கிடக்கு! வீணாப் போகுது!"

"சும்மா கிடக்கல சார். மென்னுக்கிட்டு இருக்காங்க."

மூன்று மணிக்குள் அவளை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. ஆலை முழுப் பழியையும் அவள்மேல் போட்டது. ஒரு ஊழியரின் அத்துமீறிய கண்டுபிடிப்பு, நிர்வாகத்துக்குத் தெரியாது என்றார்கள். கேக் வெட்டிய படம்கூட அவளுக்கு எதிரான சாட்சியானது. மாடத்தி வைத்திருந்த அந்தத் தாள் இல்லாவிட்டால் வைகுந்தராஜன் தப்பியிருப்பார்.

சாட்சிக் கூண்டில் வழக்கறிஞர் அவளைக் கேட்டார்: "நான்கு நொடி என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? மருத்துவ ஆய்வு ஏதாவது?"

"இல்லை."

"பிறகு?"

"ஐந்து வைத்துப் பார்த்தேன். சேமிப்பு இலக்கை எட்டவில்லை."

கூடத்தில் யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது. நீதிபதிகூட அதைக் கண்டிக்கவில்லை.

தீர்ப்பில் வைகுந்தராஜனுக்கு ஏழு வருடம். ஜெனோவாவுக்கு இரண்டு, தானாக முன்வந்து சொன்னதால் குறைத்தார்கள். இனி உயிர்காக்கும் எந்த முன்பதிவும் பெயரோடுதான் இருக்க வேண்டும், சும்மா இருக்கும் நேரமும் அந்த உயிருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது.

தண்டனை முடிந்து ஊருக்குத் திரும்பிய வாரம், பழைய பேருந்து நிலையத்து டீக்கடையில் அவர்களைப் பார்த்தாள். நல்ல மத்தியானம். கொம்பையா பெஞ்சில் கால்நீட்டி உட்கார்ந்து பருப்பு வடையைக் கடித்துக்கொண்டு, கடைக்காரரிடம் கொதிகலன் கதை ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் கையசைத்தார். மாடத்தியிடம் என்னவோ சொன்னார்.

மாடத்தி எழுந்து வந்து எதிரே நின்றாள்.

"உனக்கு நன்றி சொல்லிட்டு வான்னு அனுப்புதாவ."

ஜெனோவா கொம்பையாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். அந்தப் பத்தொம்பது வயசுப் பிள்ள எங்க தெருதான். அவ வாயிலயும் நாந்தான் விரல விட்டேன். எட்டல."

"சொல்ல வேண்டாம்மா" என்றாள் ஜெனோவா.

மாடத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். கெட்டுப்போன சாப்பாட்டைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு திரும்பிப் போய்க் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். பேசாமல், அவசரமில்லாமல், வாயிலிருந்ததை மென்றுகொண்டே இருந்தார்.