அழகுராணியின் நிற்புக் கணக்கு

நடுச்சந்தை வீதிக்குள் நுழையும்போது அழகுராணி வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நேற்று வரை பல் ஆஸ்பத்திரியாக இருந்த இடத்தில் ஒரு படகுக் குளம் அலையடித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த செருப்புக் கடை, மேகம் விற்கும் கடையாக மாறி, வாசலில் சாம்பிளுக்கு ஒரு மேகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. இதையெல்லாம் அவள் நின்று பார்க்கவில்லை. தன் கடை இன்னும் கடையாகவே இருக்கிறதா என்பதுதான் அவள் கவலை. இருந்தது. மூச்சை விட்டாள்.

மதுரையின் மையப் பகுதி முழுவதையும் நகர்மனம் என்ற பெரும் கணினி எடுத்துக்கொண்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கட்டடங்கள் அநேகமாக எல்லாமே குழைசுவரால் ஆனவை. மின்சாரம் பாய்ச்சினால் மாவுபோல் இளகி, விடிவதற்குள் வேறொன்றாக எழுந்து நிற்கும். எந்த மனை என்னவாக வேண்டும் என்பதற்கு நகர்மனம் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. ஓர் ஆள் ஓரிடத்தில் ஒரு நிமிடம் நின்றால் அது ஒரு நிற்பு. நிற்பு ஏறினால் கடை பிழைக்கும். இறங்கினால் இரவோடு இரவாகக் குளமாகிவிடும். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தால் சொல்வதற்கென்றே அதே வீதியில் ஒரு கடை இருந்தது. கட்டணம் கட்டிவிட்டுக் குறை சொல்லலாம்.

அழகுராணி நடத்தியது பேரம் பேசும் கடை. பாத்திரமோ பனியனோ, வேண்டியதை வீட்டிலுள்ள வார்ப்பான் இயந்திரமே வார்த்துக் கொடுத்துவிடும் காலம். விலையும் உலகம் பூராவும் ஒன்றே. ஆனால் பேரம் பேசாமல் மதுரைக்காரர்களுக்கு நாக்கு நமநமவென்றது. அந்த ஏக்கத்தில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

"ஏன்க்கா, இத்துணூண்டு சட்டிக்கு இம்புட்டு வெலையா? பாதி தாரேன்."

"பாதிக்கு மூடிதேன் வரும். சட்டிய எங்கிட்டு போய் வாங்குவ?"

"அப்ப நீயே வச்சுக்க" என்று வாடிக்கையாளர் விறுவிறுவென்று வெளியே போவார். போவார் என்றால், பக்கத்து வாசல் வரைதான். அங்கே நின்று வானத்தைப் பார்ப்பார். இவள் கொஞ்சம் காக்கவைத்து, "சரி வாங்க, போனி நேரம்!" என்று குரல் கொடுப்பாள். அவர் வேண்டாவெறுப்பாகத் திரும்பி வருவார். இருவருக்கும் மனசுக்குள் பாயசம் குடித்ததுபோல் இருக்கும்.

அன்று போனி ஆவதற்கு முன்பே அளவன் வந்து நின்றது. நகர்மனம் அனுப்பும் ரோபோ அது. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"அம்மா, தங்கள் மனையின் நிற்பு இந்த வீதியிலேயே கடைசி. நாளை உபயோகம் மாற்றப்படும்."

"என்ன தம்பி வெளாடுறியா? நிக்க எடமில்லாம ஆளு வருது என் கடைக்கு!"

"வருகிறார்கள். ஆனால் எல்லோரும் கோபித்துக்கொண்டு வெளியேறி, பக்கத்து மௌனக் கூடத்தின் வாசலில் நீண்ட நேரம் நிற்கிறார்கள். ஆகவே மௌனக் கூடத்துக்குத்தான் முதலிடம்."

மௌனக் கூடம் என்பது ஒரு வெற்று அறை. காசு கொடுத்து உள்ளே போய்ச் சும்மா உட்கார வேண்டும். மதுரையில் அதற்குள் இன்றுவரை ஒருத்தர்கூடப் போனதில்லை.

"அய்யோ, அது கோவிச்சுக்கிட்டுப் போறதில்லப்பா! கூப்புடுறதுக்காகப் போறது!"

அளவன் இதைக் குறித்துக்கொண்டு யோசித்தது. "திரும்பி வருவதற்காக ஏன் போக வேண்டும்?" என்று கேட்டது. அழகுராணி தலையில் அடித்துக்கொண்டாள். இதற்கெல்லாம் நம்மில் யாரால் பதில் சொல்ல முடியும்?

அன்று முழுக்க அவள் வாசலில் குறுக்கே நின்று பார்த்தாள். "வெளிய போகாதீக, உள்ளயே கோவிச்சுக்கங்க" என்று கெஞ்சினாள். உள்ளே நின்று கோபித்துக்கொள்வது எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. மூன்று பேர் பேரமே வேண்டாமென்று நிஜமாகவே போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு சிக்கல் வந்தது. அந்த வீதியில் அவள் கட்டடம் மட்டும்தான் பழைய செங்கல் கட்டடம். மின்சாரத்துக்கு இளகவில்லை. ஆகவே அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பொக்லைனை எடுத்து, எண்ணெய் போட்டு, கொண்டுவந்து நிறுத்தினார்கள். மஞ்சள் நிறம், நீண்ட கை, கையின் நுனியில் பற்கள். ஓட்டுநர் இருக்கையில் செயல்முறை விளக்கத்தை அப்போதுதான் படித்து முடித்த ஒரு ரோபோ.

அழகுராணி கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "என்னைய இடிச்சுட்டு அப்புறம் கடையை இடி!" புருஷன் சோலைமலை ஓடிவந்து அவளைத் தோளோடு சேர்த்து ஓரமாக அழைத்துப்போனார். பொக்லைன் உறுமியது. கையை ஓங்கியது. முன்சுவரில் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து, புழுதி பறக்கத் தரையில் விழுந்தது. இருபத்தைந்து வருஷம் நின்று பேசிய இடம். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வீதி முழுக்கத் தலைகளாகத் தெரிந்தது.

படகுக் குளத்திலிருந்து ஆட்கள் நனைந்த காலோடு வந்திருந்தார்கள். மேகம் வாங்க வந்தவர்கள், வாங்கின மேகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார்கள். ஆபீசுக்குப் போகிறவர்கள் ஆபீசையே மறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பிறந்ததிலிருந்து பொக்லைனைப் பார்த்ததில்லை. ஆனால் அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஏப்பா, தூணைத் தட்டுனா மொத்தமா சரிஞ்சுரும்ல!"

"இவனுக்கு ஓட்டவே தெரியலடா."

"அப்டியே ரிவர்ஸ் எடுத்து வா, வா, வா... நிப்பாட்டு!"

கடைசிக் குரல் சோலைமலையுடையது. மனைவிக்கு ஆறுதல் சொல்ல வந்த மனிதர் எப்போது முன்வரிசைக்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. அழகுராணி அவர் முதுகை முறைத்தாள்.

உச்சிவெயிலில் திடீரென்று பொக்லைன் நின்றது. பாதிச் சுவர் அப்படியே நிற்க, அளவன் ஓடிவந்தது. ரோபோ ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, வாழ்த்துகள்! இன்றைய நிற்புக் கணக்கில் நகரத்திலேயே தங்கள் மனைக்குத்தான் முதலிடம். இதுவரை எந்த மனையும் தொடாத உயரம். இனி இந்த மனை நிரந்தரமாக உங்களுடையது."

அழகுராணி அதன் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கடையைத் திருப்பிக் கட்டிக் குடுப்பீகளா?"

"இன்று இரவே. அதே செங்கல்லால்."

"நீ நல்லா இருப்பய்யா! நாளைக்கு எப்பத் தெறக்கலாம்?"

"திறக்க வேண்டியதில்லை. காலையில் மறுபடி இடிப்போம்."

அவள் கை தானாக நழுவியது. "எதுக்கு?"

"மனையின் உபயோகம் இடிப்பு என்று பதிவாகிவிட்டது. தினமும் கட்டுவோம், தினமும் இடிப்போம்."

"அது எப்பத்தேன் முடியும்?"

"முடித்தால் கூட்டம் கலைந்துவிடுமே!" அளவனின் குரலில் முதன்முறையாகப் பக்தி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. "இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நகரங்களின் பதிவுகளை இப்போதுதான் நகர்மனம் திரும்பப் பார்த்தது. குழாய்க்காகச் சாலையைத் தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள். அடுத்த வாரமே கேபிளுக்காக அதே இடத்தைத் தோண்டுகிறார்கள். பாலங்களைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் எப்போதும் மக்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை காலம் அதைத் திறமைக் குறைவு என்று தவறாக எழுதி வைத்திருந்தோம். உங்கள் முன்னோர் எவ்வளவு பெரிய நகரத் திட்ட மேதைகள், அம்மா!"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "யக்கா, மறைக்காத! தள்ளி நில்லு!"

தள்ளி நின்றாள். பொக்லைன் மறுபடி உறுமி, கையை ஓங்கி, கிழக்குச் சுவரைத் தட்டியது. ஒரு செங்கல்கூட அசையவில்லை. இரண்டாம் தடவையும் அதே இடம். அழகுராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"அடேய், அங்கிட்டு இல்லடா! மேக்கால இருந்து வா, அதுதேன் ஓதமடிச்சு ஊறிப்போன செவரு!"

சொன்னபடி தட்டியதும் சுவர் மடமடவென்று சரிந்தது. கூட்டம் கைதட்டியது. இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரியட்டும் என்று அவள் ஒரு செங்கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.